ஏழு குழல் பீரங்கியும் 233 கிராம் லாரியும்

ஜோகன்னஸ்பர்க்கின் சாக்ஸன்வோல்ட் பகுதியில் இருக்கும் இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானம் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஜெட்; இருவர் அமர்ந்து இரவில் பறந்த வகை. அந்த வகை விமானங்களின் மூக்கில் எம்.கே. 108 என்ற 30 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. டர்பனிலிருந்து பேத்தியை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் மூக்குக்கு நேரே வெகுநேரம் நின்றுவிட்டு, "தாத்தா, இதைக் கழற்றி ஒரு லாரியில் வைத்தால் சுட முடியுமா?" என்று கேட்டாள்.

சுட்டிருக்கிறார்கள் என்றேன். அதே ஜெர்மானியர்கள், விமானத்துக்கென்று செய்த எம்.ஜி. 151 துப்பாக்கிகள் மூன்றை ஒரே தூணில் பொருத்தி, எஸ்.டி.கே.எஃப்.இசட். 251/21 என்ற அரைச்சங்கிலி வண்டியில் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலி) ஏற்றினார்கள். அமெரிக்காவின் எம்163 வண்டியில் இருப்பது, போர் விமானங்களில் இருக்கும் ஆறு குழல் வல்கன் பீரங்கியின் உடன்பிறப்பு. எங்கள் தென்னாப்பிரிக்காவிலேயே ராட்டெல் கவச வண்டியில் இருக்கும் 20 மி.மீ. பீரங்கியும் ரூய்வால்க் ஹெலிகாப்டரின் மூக்கில் இருப்பதும் ஒரே குடும்பம்தான்.

"சரி, இருப்பதிலேயே பெரியதை வைத்தால்?"

இந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டர்பன் துறைமுகத்தில் பளுதூக்கி வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு சுமையை எங்கே வைப்பது, அந்த விசை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. வீட்டில் சிறிய லேத் ஒன்று இருக்கிறது. செய்து பார்த்துவிட்டே சொல்கிறேன் என்றேன். 1:35 அளவில் மாதிரி என்று முடிவாயிற்று.

எடுத்துக்கொண்டது ஜி.ஏ.யு-8 அவெஞ்சர். அமெரிக்காவின் ஏ-10 போர் விமானத்தில் இருக்கும் ஏழு குழல், 30 மி.மீ. பீரங்கி. இதன் பக்கத்தில் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை நிறுத்தி எடுத்த புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியிருக்கிறது. கார் சிறியதாகத் தெரியும். குழல் முனையிலிருந்து குண்டு உருளையின் பின்பக்கம் வரை ஏறத்தாழ 6 மீட்டர். குண்டு நிரப்பினால் மொத்தம் 1,830 கிலோ. நிமிடத்துக்கு 3,900 குண்டு, அதாவது நொடிக்கு 65. 1,174 குண்டுகள் கொள்ளும் உருளை 18 நொடியில் காலியாகிவிடும் என்று கணக்கு.

ஏ-10 விமானத்தையே இந்தப் பீரங்கியைச் சுற்றித்தான் கட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒரு குழல்தான் சுடுகிறது; அந்தக் குழல் விமானத்தின் சரியான நடுக்கோட்டில் வர வேண்டும். அதற்காகப் பீரங்கியைச் சற்று இடப்பக்கம் தள்ளி வைத்து, முன்சக்கரத்தை வலப்பக்கம் நகர்த்திவிட்டார்கள். நடுக்கோட்டை விட்டு விலகியிருந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் விமானத்தின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பும். பராமரிப்புக்காகப் பீரங்கியைக் கழற்றும்போது வாலுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு மேலே எழும்பி வால் தரையில் உட்கார்ந்துவிடும். பளுதூக்கியில் எதிர் எடையைக் கழற்றியவர்களுக்கு இது உடனே புரியும்.

வண்டிக்கு சாமில் 50 லாரியை மனதில் வைத்துக்கொண்டேன். தென்னாப்பிரிக்க இராணுவ லாரிகளில் சாமில் 20, 50, 100 என்று மூன்று உண்டு. முறையே 2, 5, 10 டன் சுமை தாங்குபவை. 1,830 கிலோவுக்கு 5 டன் லாரி தாராளம் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. எடையை மட்டும் பார்த்தால் சாமில் 20 கூடப் போதும்.

முதல் வேலை குழல்கள். 30 மி.மீ. துளை 1:35 அளவில் 0.86 மி.மீ. ஆகிறது. 1.5 மி.மீ. வெளிவிட்டமும் 0.9 மி.மீ. உள்விட்டமும் உள்ள பித்தளைக் குழாய் கிடைத்தது. உண்மைக் குழல் 2.3 மீட்டர், மாதிரியில் 66 மி.மீ. ஏழு துண்டு வெட்டி, முனைகளை மெல்லிய அரத்தால் பிசிறு எடுத்தேன். இதுவரை சுகம்.

ஏழையும் பிடித்து நிறுத்தும் வட்டத் தகடுகளில்தான் சிக்கினேன். 360-ஐ 7-ஆல் வகுத்தால் முழு எண் வராது. அவசரத்தில் கோணமானியை வைத்து 51, 51 என்று ஆறு முறை புள்ளியிட்டுத் துளைத்தேன். கடைசி இடைவெளி 54 பாகை ஆகிவிட்டது. 3 மி.மீ. ஆரத்தில் அது 0.16 மி.மீ. பிழைதான். அசையாமல் இருக்கும்போது யாருக்கும் தெரியாது. விரலால் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கண் அந்த இடத்தில் தடுக்கிக்கொண்டே இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வட்டத்தைச் சம பங்காகப் பிரிக்க உதவும் டிவைடிங் ஹெட் என்ற கருவியில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால், அதில் பிடித்திருக்கும் தகடு ஒரு சுற்று திரும்பும். 40-ஐ 7-ஆல் வகுத்தால் 5 சுற்றும் ஏழில் ஐந்து பங்கும். கைப்பிடியின் ஊசி விழும் வளையத்தில் 21 துளை; அதில் அந்த ஐந்து பங்கு 15 துளை. ஒவ்வொரு குழலுக்கும் 5 முழுச் சுற்று, 15 துளை. ஏழாவது துளைக்குப் பிறகு ஊசி தொடங்கிய இடத்திலேயே வந்து விழுந்தது. பட்டறையில் பதினெட்டு வயதில் இதைக் கற்றுக்கொடுத்த பெரியவர், ஊசி பழைய இடத்தில் விழும் சத்தத்தைக் கேட்டால்தான் வேலை முடிந்தது என்பார். பேத்தியும் அதைக் காதால் கேட்டாள்.

ஈயப்பற்று வைக்கும் நாளில் மின்வெட்டு வந்தது. இரண்டு குழல்கள் பாதி ஒட்டிய நிலையில் இரும்பு ஆறிப்போயிற்று. மறுபடி சூடாக்கியபோது ஒன்று வளைந்துவிட, அதைப் பிரித்து வேறு குழாய் போட்டேன். பிறகு மூன்று தகடுகளையும் கோத்து, ஏழு குழலையும் ஒரு மரக்கட்டைப் பள்ளத்தில் கிடத்தி, ஒரே மூச்சில் பற்றவைத்தேன். அப்படிச் செய்தால்தான் நேராக நிற்கிறது.

எடைக் கணக்குக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். பொம்மையாக மட்டும் செய்தால் பேத்தியின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மாதிரி உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதன் எடையும் அளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். நீளம் 35 மடங்கு சிறியது என்றால் கன அளவு 35 பெருக்கல் 35 பெருக்கல் 35, அதாவது 42,875 மடங்கு சிறியது. எடையும் அப்படியே. லாரியும் பீரங்கியும் சுழல்மேடையும் எல்லாம் சேர்த்து 10 டன் என்று வைத்துக்கொண்டேன். மாதிரி 233 கிராம் இருக்க வேண்டும். பீரங்கி முழுத் தொகுதி 43 கிராம். அதில் குழலும் இயக்கப் பகுதியும் சேர்ந்த பீரங்கி மட்டும் உண்மையில் 281 கிலோதான். மாதிரியில் ஆறரை கிராம். என் பித்தளைக் குழல்களும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் உடலும் சேர்ந்து தராசில் 7 கிராம் காட்டின. மீதி 36 கிராம் உருளைக்குள் போக வேண்டும்.

பேத்தி இந்த இடத்தில் கைவேலையை நிறுத்திவிட்டுத் தராசையே பார்த்தாள். படத்தில் எல்லோரும் பார்ப்பது குழல்களை. எடையில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் உருளையும் குண்டும் குண்டு ஊட்டும் அமைப்பும். சுட்ட உறைகளையும் இந்தப் பீரங்கி வெளியே எறியாமல் உருளைக்கே திருப்பி அனுப்புகிறது. அதற்கும் ஒரு பாதை வேண்டும். உண்மை உருளை 1.82 மீட்டர் நீளம், 88 சென்டிமீட்டர் விட்டம். மாதிரியில் 52 மி.மீ. நீளமும் 25 மி.மீ. விட்டமும். நீர்க்குழாய்த் துண்டில் அதைக் கடைந்து, உள்ளே தூண்டில் ஈயக் குண்டுகளை நிரப்பி, பசையூற்றி இறுக்கினேன்.

விமானத்தில் உருளை பீரங்கிக்குப் பின்னால் ஒரே நேர்கோட்டில் படுத்திருக்கிறது. லாரியில் அப்படி வைத்தால் மாதிரியில் 170 மி.மீ. நீளம், சுழற்றும்போது பின்பகுதி ஓட்டுநர் அறையில் இடிக்கும். விமானத்தில் பீரங்கி திரும்புவதில்லை, விமானமே திரும்புகிறது. லாரியில் பீரங்கி திரும்பியாக வேண்டும். இதே பீரங்கியைக் கப்பலில் வைத்த டச்சுக்காரர்களின் கோல்கீப்பர் அமைப்பில், உருளை மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். லாரிக்குக் கீழே அப்படித் துளைத்து இறங்க இடம் ஏது? அச்சும் கியர்ப்பெட்டியும் அங்கே இருக்கின்றன. ஆகவே உருளையைப் பீரங்கிக்கு அடியில், சுழல்மேடை மீதே குறுக்கே கிடத்தினேன். பீரங்கியோடு உருளையும் சேர்ந்து சுற்றும். இதனால் குழலின் நடுக்கோடு தரையிலிருந்து 71 மி.மீ. உயரத்துக்குப் போய்விட்டது. உண்மையில் இரண்டரை மீட்டர். இந்த உயரம்தான் பிறகு எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

லாரியின் சேசிஸை ஸ்டைரீன் பட்டைகளால் கட்டினேன். பட்டா ஸ்பிரிங்குகளைப் பழைய கடிகார வில்லை வெட்டிச் செய்தேன். உண்மையிலேயே அமுங்கி எழும். வெறும் அலங்காரமாகச் செய்யாதது எவ்வளவு நல்லதாயிற்று என்பது கீழே தெரியும். சக்கரத்தின் வெளி விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 34 மி.மீ. ஓட்டுநர் அறைக்குள்ளும் சேசிஸ் நடுவிலும் ஈயம் வைத்து, சமையலறைத் தராசில் 233 வரும் வரை சிறிது சிறிதாகக் கூட்டினேன்.

இனி பின்னுதைப்பு. ஜி.ஏ.யு-8 தொடர்ந்து சுடும்போது சராசரியாக 45 கிலோநியூட்டன் விசை பின்னோக்கித் தள்ளுகிறது. ஏ-10 விமானத்தின் ஒரு எஞ்சின் தரும் உந்துவிசை 40 கிலோநியூட்டன். பீரங்கி ஒரு எஞ்சினை விட அதிகமாகத் தள்ளுகிறது. எடையாகச் சொன்னால் 4.6 டன். நொடிக்கு 65 உதைகள் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியாக வண்டியை ஆட்டுவதில்லை. லாரியின் ஸ்பிரிங் அவ்வளவு வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ஒரு பெரிய கை விடாமல் அழுத்துவது போலத்தான் வண்டி உணரும். ஆகவே ஒரு நிலையான இழுவிசையால் சோதிப்பது நியாயம். 42,875-ஆல் வகுத்தால் 107 கிராம்.

233 கிராம் லாரியைப் பக்கவாட்டில், 71 மி.மீ. உயரத்தில், 107 கிராம் இழுக்க வேண்டும். பீரங்கியை லாரிக்குக் குறுக்கே திருப்பி, அதன் பின்முனையில் தூண்டில் நரம்பைக் கட்டி, மேசை விளிம்பு வழியாகக் கீழே ஒரு தயிர்க் கிண்ணத்தைத் தொங்கவிட்டோம். கிண்ணத்தில் கடற்கரை மணலைக் கரண்டி கரண்டியாகப் போடுவது பேத்தியின் வேலை. சக்கரம் சறுக்காமல் இருக்க விளிம்பில் ஒரு மெல்லிய குச்சியை ஒட்டியிருந்தேன்.

காகிதக் கணக்கு முன்பே போட்டிருந்தேன். 233 பெருக்கல் 34, வகுத்தல் 71. ஏறத்தாழ 112 கிராமில் மறுபக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழ வேண்டும். 107-க்கு மேல் 5 கிராம் மிச்சம். மயிரிழை, ஆனாலும் நிற்கும்.

முதல் சோதனையில் 107 போட்டும் நின்றது. 120-லும் நின்றது. 131-இல்தான் எழுந்தது. பேத்தி கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கணக்கை விட 19 கிராம் அதிகம் தாங்கும் வண்டியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எங்கோ விசை தின்னப்படுகிறது. மேசை விளிம்பைத் தடவிப் பார்த்தேன்; நரம்பு மரத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது. உராய்வு. உடைந்த தூண்டில் சுழலியிலிருந்து ஒரு சிறிய பேரிங்கைக் கழற்றி, ஆணியில் மாட்டிக் கப்பியாக்கினேன்.

இரண்டாம் முறை 98 கிராமிலேயே லாரி தூக்கிவிட்டது.

மூன்று தடவை செய்தோம். 98, 97, 98. இங்கே நான் மேசையின் உயரத்துக்குக் குனிந்து, கண்ணை லாரியின் பின்பக்கத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். மணல் விழ விழ, சக்கரம் எழுவதற்கு வெகு முன்பே ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் அமுங்க ஆரம்பிக்கின்றன. உடல் சாய்கிறது. சாயும்போது வண்டியின் எடை மையமும் அதே பக்கம் நகர்கிறது. காகிதத்தில் 34 மி.மீ. என்று எழுதிய நெம்புகோல் தூரம், உண்மையில் 30 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிட்டது. என் கணக்கில் லாரி ஒரு மரக்கட்டை. மேசையில் நிற்பது ஸ்பிரிங் உள்ள லாரி. கடிகார வில்லுக்குப் பதிலாகப் பசையால் ஒட்டிய ஸ்டைரீன் ஸ்பிரிங் செய்திருந்தால் இந்த 14 கிராம் வித்தியாசம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எம்163 வண்டியைச் செய்தவர்கள் இதைத்தான் கண்டிருக்க வேண்டும். அதில் சுடும்போது சஸ்பென்ஷனைப் பூட்டிவிடும் ஏற்பாடு இருக்கிறது. இத்தனைக்கும் அது 20 மி.மீ. பீரங்கி. நானும் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு ஆப்பைச் செருகினேன். 110 கிராம் வரை நின்றது. காகிதக் கணக்குக்கு அருகில் வந்துவிட்டது. ஆனால் 107-க்கும் 110-க்கும் நடுவே மூன்று கிராம். தரை சற்றே சரிந்திருந்தால் அது போய்விடும். அந்த மூன்று கிராமை நம்பி ஒருவரையும் அந்த வண்டியில் ஏற்ற மாட்டேன்.

"உயரத்தைக் குறைக்கலாமே, தாத்தா?"

குறைக்கலாம். உருளையைப் பீரங்கிக்கு அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தால் குழல் 57 மி.மீ.க்கு இறங்கும். ஆப்பு வைத்தால் 139 கிராம் வரை தாங்கும் என்று கணக்கு. ஆனால் 36 கிராம் உருளை சுழல்மேடையின் ஒரு பக்கமாகத் தொங்கும். பீரங்கி திரும்பத் திரும்ப எடை மையமும் ஊர்வலம் போகும். இரண்டு நாள் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு, அந்த யோசனையைக் கைவிட்டேன்.

கடைசியில் என் சொந்தத் தொழிலுக்கே திரும்பினேன். துறைமுகத்தில் எங்கள் மேஸ்திரிக்கு ஒரே ஒரு சட்டம்: கால் விரிக்காமல் கொக்கியைத் தொடாதே. நடமாடும் பளுதூக்கியின் நான்கு மூலைகளிலிருந்தும் வெளியே நீளும் தாங்குகால்களைத்தான் சொல்வார். ஒரு முறை இடம் போதவில்லை என்று ஒரு பக்கக் கால்களை மட்டும் பாதி விரித்து வேலை செய்த வண்டி, சுமையோடு மெல்லச் சாய்ந்ததைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் குதித்துவிட்டார். சாய ஆரம்பித்த பிறகு எந்தப் பிரேக்கும் எந்த லிவரும் உதவவில்லை. இந்த மாதிரியிலும் 90 கிராமைத் தாண்டிய பிறகு நடந்தது அதே மெல்லிய சாய்வு. பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

சேசிஸுக்குக் குறுக்கே இரண்டு சதுரக் குழாய்கள் வைத்தேன், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஒன்று, கடைசி அச்சுக்குப் பின்னால் ஒன்று. அவற்றுக்குள் நுழைந்து நீளும் பித்தளைத் தண்டுகள். முனையில் 2 மி.மீ. திருகாணியும் அகன்ற பாதமும். பாதத்தின் நடுப்பகுதி நடுக்கோட்டிலிருந்து 63 மி.மீ.; உண்மையில் 2.2 மீட்டர். திருகினால் லாரி சக்கரங்களிலிருந்து எழுந்து கால்களில் நிற்கும். ஸ்பிரிங் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது, ஆப்பும் தேவையில்லை. கால்கள் 19 கிராம் எடை கூட்டின; அவ்வளவு ஈயத்தைச் சேசிஸிலிருந்து சுரண்டி எடுத்து மறுபடி 233-க்குக் கொண்டுவந்தேன். முதலில் நீட்டிய தண்டு வளைந்தது. 1.5 மி.மீ. தடிமன் போதவில்லை, 2.5 மி.மீ. போட்டேன். விசை வண்டியை விட்டுத் தரைக்குப் போகும் பாதை இந்தத் தண்டுதான், இங்கே கஞ்சத்தனம் கூடாது.

முன்னோக்கிச் சுடும் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீளவாக்கில் லாரி கவிழாது. பின்னால் நகரத்தான் பார்க்கும். விசை எடையில் 46 சதவீதம். அச்சுகளைப் பூட்டி, உப்புத்தாள் மீது நிறுத்தினால் நின்றது, மணலில் சறுக்கியது. மணல் சோதனையை நான் நம்பவில்லை. லாரியைத்தான் 35 மடங்கு சிறிதாக்கினேன், மணற்பருக்கையைச் சிறிதாக்கவில்லை. இந்த மாதிரியின் சக்கரத்துக்கு ஒவ்வொரு பருக்கையும் ஒரு கூழாங்கல்.

போன சனிக்கிழமை கால்களை விரித்து, குறுக்கே கடைசிச் சோதனை செய்தோம். கணக்கு 207 கிராம் என்றது. பேத்தி மணல் போட்டாள். 107-இல் லாரி அசையவே இல்லை. குழல் முனை ஒரு முடியளவு பின்னால் போனது, அது சுழல்மேடையின் தளர்வு. 150. 180. தயிர்க் கிண்ணம் நிரம்பிவிட, மேலே ஒரு காகிதக் குவளையைச் செருகிக்கொண்டாள். 201-இல் எதிர்ப்பக்கத்தின் பின்கால் பாதத்துக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது.

மேல்பூச்சுக்கு முன் லாரியைக் கவிழ்த்து, சேசிஸின் அடியில் பென்சிலால் எழுதினாள்: 98, 110, 201. பூச்சு அந்த இடத்தில் படாமல் இருக்க ஒரு துண்டு காகித நாடாவை ஒட்டியிருக்கிறேன். சுழல்மேடையின் தளர்வை எடுக்க 12 மி.மீ. பேரிங் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.